பெண் பார்க்கப் போன வலது கை

கிட்டார் கற்றுக்கொள்கிற எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. எந்நேரமும் இடது கையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எந்த விரல் எந்தக் கம்பியில் இருக்கிறது, சுண்டுவிரல் எட்டுகிறதா, விரல் நுனி காய்த்துவிட்டதா என்று ஒரே கவலை. வலது கையை ஒருவரும் சட்டை செய்வதில்லை. அது பாட்டுக்கு மேலும் கீழும் போய் வருகிறது, அதற்கென்ன கேடு என்று விட்டுவிடுவார்கள். நானும் அந்தக் கட்சிதான். நான் மதிக்காமல் விட்ட அந்த வலது கை, கருமத்தம்பட்டியில் ஒரு வீட்டு ஹாலில், இரண்டு குடும்பத்துப் பெரியவர்கள் முன்னிலையில் என்னைப் பழிவாங்கியது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. ஏனென்றால் கடைசியில் ஜெயித்தது நான்தான்.

அப்போது எனக்கு வயது முப்பத்து மூன்று. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை. தயாராகி வருகிற பம்புகளை ஓடவிட்டுப் பார்த்து, நல்லது கெட்டது சொல்கிற பிரிவு. எங்கள் பக்கம் முப்பது தாண்டிய பையனுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று கோவை, ஈரோடு, திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: போர்வெல் போட்டு அதில் தண்ணீர் வருவதற்கு அதைவிட வாய்ப்பு அதிகம். பெண் வீட்டார் கேட்கிற கேள்விகளில் பாதிக்குத்தான் என்னிடம் பதில் இருந்தது. தோட்டம் இருக்கிறதா? இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா? (இந்த இடத்தில் அம்மா பேச்சை மாற்றிவிடுவாள்.) பெங்களூரில் வேலையா? இல்லை. தலையில் முடி இருக்கிறதா? இருந்தது.

அப்பா இல்லாத வீடு. அதனால் அம்மாவின் தம்பி பழனிச்சாமி மாமா சொல்வதுதான் எங்களுக்குச் சட்டம். இடம் மேல் இடமாகத் தட்டிப்போனபோது மாமா ஒரு நாள் தீவிரமாக யோசித்துவிட்டுச் சொன்னார்.

"ஏண்டா செந்திலு, உனக்கு அந்தக் கிட்டாரு வருமல்லோ? இனிமே போற எடத்துலயெல்லாம் அதையும் சேத்திச் சொல்லிப்போடலாம். மத்த பசங்ககிட்ட இல்லாதது ஒண்ணு நம்மகிட்ட இருக்கோணும்."

அது எனக்கு எந்த அளவு வரும் என்று மாமா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஊரடங்கு சமயத்தில் பொழுது போகாமல் வாங்கிய கிட்டார் அது. போனைப் பார்த்துப் பழகியது. நாலு கார்டு, அதாவது நாலு சுரக்கூட்டு, தெரியும். அந்த நாலுக்குள் அடங்குகிற பாட்டுகள் தெரியும். வீட்டில், கட்டில் ஓரத்தில், பனியனோடு உட்கார்ந்து வாசித்தால் கேட்கிற மாதிரி இருக்கும். இதில் பனியன் ரொம்ப முக்கியம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் கருமத்தம்பட்டி ஜாதகம் வந்தது. பெண் பெயர் மேகலா. கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். போட்டோவைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. அதுவரை பார்த்த இடங்களில் "அம்மா சொன்னால் சரி" என்று பெரிய மனுஷன் மாதிரி இருந்தவன், இந்த போட்டோவை மட்டும் என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். இந்த இடம் தட்டிப்போனால் தாங்க முடியாது என்று மனசுக்குள் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு முன்னால் எந்த இடத்துக்கும் நான் பயந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். அம்மா என் வெள்ளை முழுக்கைச் சட்டைக்குப் போட்ட கஞ்சியில் ஒரு வீட்டுக்கு இரண்டு நாள் பசியாறலாம். கையை மடக்கினால் சட்டை மடங்கவில்லை, முறிந்தது. காரின் பின் சீட்டில் கிட்டார். முன் சீட்டில் மாமா. அவிநாசி ரோட்டுக்கு வந்ததும் மாமா வண்டியை ஓரங்கட்டினார். தன் மணிக்கட்டில் கிடந்த தங்க பிரேஸ்லெட்டைக் கழற்றி என் வலது கையில் மாட்டினார்.

அந்த பிரேஸ்லெட் எங்கள் சொந்தத்தில் பேர்பெற்றது. மாமாவின் மணிக்கட்டு என் கணுக்கால் அளவு. என் கையில் அது முழங்கை வரை போய்விட்டு, திரும்பி வந்து பெருவிரல் அடியில் நின்றது.

"எதுக்குங் மாமா இது?"

"வெறுங்கையோட போனா நல்லாருக்காதுடா. நீ கைய வீசி வாசிக்கறப்ப பளபளன்னு தெரியோணும். கழண்டு எங்கியாச்சும் உழுந்துச்சுன்னா உன்ற அத்தை என்னைய ஊட்டுக்குள்ள சேத்தமாட்டா."

அப்படி விழுந்துவிடக் கூடாது என்பதற்காக மாமா ஒரு காரியம் செய்தார். டிக்கியிலிருந்து ஒரு குறடு எடுத்து வந்து பிரேஸ்லெட்டின் திருகாணியைக் கடைசி வரை முறுக்கினார். வேறு ஊரில் நகையை விரலால் மாட்டுவார்கள். கோயமுத்தூரில் நாங்கள் டூல்ஸ் வைத்து மாட்டுவோம்.

அம்மா தன் பங்குக்கு ஒன்று சொன்னாள். "கண்ணு, அங்க காப்பி பலகாரத்தோட நிறுத்திக்கோணும். சோறு உண்ணச் சொன்னாங்கன்னா வேண்டாமுங்கன்னு சொல்லிப்போடு." எங்கள் பக்கத்து வழக்கம் அது. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் இலையில் உட்கார மாட்டோம். உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் சம்மதம் என்று அர்த்தம். நான் அதுவரை எந்தப் பெண் வீட்டிலும் போண்டாவைத் தாண்டியதில்லை.

மேகலாவின் வீடும் தறிக்கூடமும் ஒட்டியே இருந்தன. ஞாயிற்றுக்கிழமையிலும் தறி ஓடியது. அந்த வீட்டில் யாரும் அதைச் சத்தமாகவே நினைக்கவில்லை. அதற்கு மேலே குரலை ஏற்றிப் பேசிப் பழகியிருந்தார்கள்.

"வாங்க வாங்க. வெயில்ல சிரமப்பட்டு வந்திருப்பீங்க. உக்காருங்க," என்றார் மேகலாவின் அப்பா. உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வதைவிட, சோபாவுக்குள் இறங்கினேன் என்று சொல்ல வேண்டும். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றன. மேகலா காப்பியைக் கொடுத்துவிட்டு எதிரில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து என்னை நேராகப் பார்த்தாள். நான் போண்டாவைப் பார்த்தேன்.

தோட்டம், தண்ணீர், பெங்களூர் என்று கேள்விகள் வரிசையாக வருவதற்குள் மாமா முந்திக்கொண்டார். "ஏனுங்க, பையன் கிட்டாரு அருமையா வாசிப்பானுங்க. கையோட கொண்டாந்திருக்கோமுங்க."

"அப்படிங்களா? அப்ப வாசிக்கட்டுமுங்க, கேப்போம்," என்றார் மேகலாவின் அப்பா.

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பாடச் சொல்லிக் கேட்ட காலம் ஒன்று இருந்ததாம். அந்தப் பாவமெல்லாம் என் தலையில் விடிந்தது. கிட்டாரை மடியில் வைத்தேன். சோபா உள்ளே இழுத்ததால் அது என் தாடைக்குக் கீழே வந்து நின்றது. வலது தோள் காதைத் தொட்டது. கிட்டாரின் மேல் விளிம்பு முன்கையின் நட்டநடுவில் கத்தி மாதிரி பதிந்தது. பனியனாக இருந்தால் கை வழுக்கிக்கொண்டு தனக்கு வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும். கஞ்சி போட்ட சட்டை வைத்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. இதற்கு மேல் பிரேஸ்லெட் மரத்தில் உரசியது. தங்கம் தேயுமோ, மரம் கீறுமோ என்று நான் மணிக்கட்டை வளைத்துத் தூக்கிப் பிடிக்க, கை பின்னால் தள்ளிப் போய்விட்டது. கம்பிகள் வந்து முடிகிற பிரிட்ஜுக்குப் பக்கத்தில்.

கிட்டார் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நடுவில் இருக்கிற வட்ட ஓட்டைக்கு மேலே மீட்டினால் சத்தம் நிறைவாக வரும். அங்கிருந்து பிரிட்ஜ் பக்கம் நாலு விரற்கடை நகர்ந்தால் போதும். அதே கிட்டார், அதே கம்பி, ஆனால் தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை. நான் அன்றைக்கு வாசித்த பழைய மெல்லிசைப் பாட்டு அப்படித்தான் வந்தது. பக்கத்தில் தறி வேறு ஓடுகிறதா, கேட்காமல் போய்விடுமோ என்று இன்னும் ஓங்கி அடித்தேன். மழை வலுத்தது. இடையிடையே பிரேஸ்லெட் மரத்தில் டக், டக் என்று தன் பங்குக்குத் தாளம் போட்டது. மாமா அதன் பளபளப்பில் லயித்திருந்தார்.

மேகலாவின் அப்பா தலையைச் சாய்த்து, கண்ணை மூடி உன்னிப்பாகக் கேட்டார். ரசிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு மாமா பக்கம் குனிந்து ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"எங்கியோ ஒரு போல்ட்டு லூசாட்டத் தெரியுதுங்க."

இதற்குள் கை மரத்துப்போகத் தொடங்கியிருந்தது. முதலில் விரலில் எறும்பு ஓடியது. பிறகு எறும்பும் போய்விட்டது. கை என் தோளிலிருந்து தொங்குகிறது, ஆனால் என்னுடையது இல்லை. அது மெல்ல மெல்லக் கீழே சரிந்தது. பெருவிரல் அடியில் கிடந்த பிரேஸ்லெட் கம்பிகளின் மேல் புரண்டது. திருகாணிக்குப் பக்கத்தில் இருந்த இடுக்கு, எல்லாவற்றுக்கும் கீழே உள்ள மெல்லிய கம்பியை லபக்கென்று கவ்விக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை.

பாட்டு பாதியில் நின்றது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பாட்டு முடிந்துவிட்டது போலத் தலையைக் குனிந்து சிரித்தேன். எல்லோரும் நம்பிக் கைதட்டினார்கள். மேகலா மட்டும் தட்டவில்லை.

"காப்பி ஆறுதுங்க, எடுத்துக்குங்க," என்று மேகலாவின் அம்மா டம்ளரை நீட்டினார். வலது கை கிட்டாரோடு இருக்கிறது. வேறு வழியில்லாமல் இடது கையை நீட்டி வாங்கினேன். அவர் முகம் சுண்டிப்போனது. பெண் கொடுக்கலாமா என்று யோசிக்கிற வீட்டில் பீச்சைக் கையை நீட்டிக் காப்பி வாங்குகிற பையனை யாருக்குப் பிடிக்கும்? என் அம்மா பார்த்த பார்வையில் காப்பி இன்னும் ஆறியது.

"மாமா," என்றேன் தணிந்த குரலில். "மாட்டிக்கிச்சுங் மாமா."

"எது?"

"கை."

மாமா எழுந்து வந்து பார்த்தார். என் கையைப் பார்க்கவில்லை, பிரேஸ்லெட்டைப் பார்த்தார். "இழுக்காதடா. நசுங்கிப்போகும்."

"இழுக்காதீங்க மாப்பிள்ளை. கம்பி அறுந்துச்சுன்னா கண்ணுல பட்டுரும்," என்றபடி மேகலாவின் அப்பாவும் வந்தார். அவர் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு தெளிச்சி தெரிந்தது. சம்பந்தம் பேசுவது அவருக்குச் சரிப்படாத வேலை. சிக்கிக்கொண்டதை எடுப்பது அவருடைய தொழில். தறிக்கூடத்துக்குப் போய்க் கை நிறைய டூல்ஸ் கொண்டு வந்தார். இரண்டு பேரும் என் மேல் கவிழ்ந்து நின்று, பழுதான மெஷினைப் பற்றிப் பேசுவது போல என்னைப் பற்றிப் பேசினார்கள். நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள்.

"இந்தத் திருகைக் கழட்டுனாச் சரியாப்போகுமுங்க."

"அது கொறடு வெச்சு முறுக்குனதுங்க."

"யாருங்க அப்படி முறுக்குனது?"

மாமா விட்டத்தைப் பார்த்தார். மேகலாவின் அப்பா குறட்டை வைத்துத் திருகினார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தார். "மரை போயிருச்சுங்க. சும்மா சுத்துது."

கம்பியைத் தளர்த்தினால் போதும், அதற்குக் கிட்டாரின் தலைப்பக்கம் ஒரு திருகு இருக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல, மாமா அதைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருகினார். கம்பி தளர்வதற்குப் பதிலாக இறுகியது. என் கை கிட்டாரோடு இன்னும் ஒட்டிக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது. வலியால் இல்லை, கைதான் மரத்துக் கிடக்கிறதே. அந்த போட்டோ என் போனில் இருப்பதை நினைத்தேன், அதனால் வந்தது.

"அப்பா, சித்த நவுருங்க."

மேகலா எழுந்து வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "கை மரத்துப்போச்சுங்களா?"

"ஆமாங்க."

"எப்பருந்துங்க?"

"ரெண்டாவது வரியிலருந்துங்க."

"அப்பவே நிறுத்தியிருக்கலாமல்லங்க?"

தன் அம்மாவிடம் தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கினாள். பிறகு ஒரு கையால் என் முழங்கையைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் என் உள்ளங்கையைப் பற்றினாள். நிச்சயம் கூட ஆகவில்லை, பெண் கையைப் பிடித்துவிட்டாள். இரண்டு அம்மாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேகலா எதையும் கவனிக்கவில்லை. பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, விரல் முட்டிகளைச் சேர்த்து அமுக்கி, எண்ணெய் விட்டு ஒரு திருப்புத் திருப்பினாள். கை வெளியே வந்துவிட்டது. பிரேஸ்லெட் மட்டும் கம்பியிலேயே தொங்கியது. மாமா நிம்மதியாக மூச்சு விட்டார், என் கைக்காக அல்ல.

அம்மா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். "அப்ப நாங்க கெளம்பறமுங்க," என்றாள். குரலிலேயே எல்லாம் முடிந்திருந்தது. நானும் முடிந்தேன். அந்த வாசலை இன்னொரு தடவை மிதிக்கப் போவதில்லை என்று நினைத்தபோது நெஞ்சு நிஜமாகவே வலித்தது.

"பாட்டு முடியலீங்களே," என்றாள் மேகலா.

யாரும் எதுவும் சொல்வதற்குள் உள்ளே போய், சாய்மானம் இல்லாத ஒரு மர ஸ்டூலைக் கொண்டு வந்து போட்டாள். கை விலகி இடம் கிடைத்ததால் அவள் அப்பா மூக்குக் குறட்டால் இடுக்கை நெம்பி பிரேஸ்லெட்டை விடுவித்தார். மாமா இறுக்கிவிட்ட கம்பியை நான் சுருதி சேர்த்தேன்.

"சட்டைக் கைய நல்லா மேல சுருட்டிக்குங்க. விளிம்பு நடுக்கையில அமுக்குனா ரத்தமும் ஓடாது, நரம்பும் வேலை செய்யாது. முழங்கைக்குக் கிட்டக்க வெச்சுப் பாருங்க. தோளைத் தூக்காதீங்க. மணிக்கட்டை வளைக்காம தொங்க உடுங்க."

"உங்களுக்குக் கிட்டாரு தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க. கை தெரியும்."

தொங்க விட்டேன். கை தானாகப் போய் எங்கே நின்றது தெரியுமா? வட்ட ஓட்டைக்கு நேர் மேலே. நான் வைக்கவில்லை, அதுவே போய் நின்றது. ஒரு தடவை மெதுவாக மேலிருந்து கீழே தடவினேன். அப்படி ஒரு சத்தம் என் கிட்டாருக்குள் இருப்பது எனக்கே தெரியாது. கனமாக, உருண்டையாக வந்து ஹால் முழுக்க நிறைந்தது. கையில் இறுக்கம் இல்லை, ஓங்கி அடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இரண்டாவது வரி வந்தபோது மேகலாவின் அப்பா எழுந்து வெளியே போனார். தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். திடீரென்று தறிச் சத்தம் நின்றது. அவரே போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். தறிக்காரர் ஒருவர் ஓடுகிற தறியைத் தானாக நிறுத்துவது என்றால் என்ன என்று கருமத்தம்பட்டியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கரண்ட் போனால்தான் நிற்கும், இல்லை பெரிய காரியம் ஏதாவது நடந்தால் நிற்கும். அன்றைக்கு எனக்காக நின்றது. அதற்குப் பிறகு நான் பயப்படவில்லை. கடைசி வரிக்குக் கையை இன்னும் கொஞ்சம் முன்னால், கிட்டாரின் கழுத்துப் பக்கம் நகர்த்தி, பஞ்சு மாதிரி இறக்கி முடித்தேன்.

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. மேகலாவின் அப்பா மகளைப் பார்த்தார். மகள் தலையசைத்தாள். அவர் என் அம்மா பக்கம் திரும்பினார்.

"நேரமாச்சுங்க. எல்லாரும் இருந்து உண்டுட்டுப் போலாமுங்க."

கிளம்ப எழுந்து நின்ற அம்மா அப்படியே நின்றாள். கண் கலங்கியிருந்தது. வேண்டாமுங்க என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தவள், திரும்ப உட்கார்ந்தாள். மாமா அதற்குள் கை கழுவப் போயிருந்தார்.

இலையில் சோறு விழுந்தது. என் கையில் எறும்பு இன்னும் பாதி பாக்கி இருந்ததால் பிசைந்த சோறு வாய்க்குப் போகும் வழியில் சட்டையிலும் மடியிலும் இறங்கியது. குழம்பு கஞ்சிச் சட்டையில் அழகாகப் பிடித்துக்கொண்டது. எனக்கு ஒரு கவலையும் இல்லை. அவ்வளவு ருசியான சாப்பாட்டை அதற்கு முன்னால் நான் சாப்பிட்டதில்லை.

கல்யாணமாகிக் கொஞ்ச நாள் கழித்து மேகலாவிடம் கேட்டேன், அத்தனை கூத்துக்குப் பிறகும் எப்படிச் சரி என்றாய் என்று. "எத்தனையோ பேருக்கு வைத்தியம் பண்ணியிருக்கேன். கையைப் புடிச்சா எல்லாரும் வெறைச்சுக்குவாங்க. நீங்க ஒருத்தருதான் நம்பி, பொட்டாட்ட, அசைக்காம கையை உட்டுட்டு உக்காந்திருந்தீங்க," என்றாள். அப்போது எனக்கு அந்தக் கையில் உணர்ச்சியே இல்லை என்பதை இந்த நிமிஷம் வரை நான் அவளுக்கு நினைவுபடுத்தவில்லை. (ஒரு குடும்பம் நல்லபடியாக நடக்க எல்லா விளக்கமும் தேவையில்லை.)

அவள் அப்பாவுக்கு அதெல்லாம் கிடையாது. சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் தோளில் கை போட்டு, புதிதாகப் பார்க்கிறவர்களிடம் இன்னமும் இப்படித்தான் என்னை அறிமுகப்படுத்துகிறார்:

"எங்க மாப்பிள்ளைங்க. மொதல்ல வந்தப்ப சிக்கி நின்னு போச்சுங்க. சிக்கெடுத்து ஓட்டி உட்டோம். அதுக்கப்பறம் ஒரு நாளும் நிக்கலீங்க."